மூன்றாம் நம்பர் குழாய்

பழைய வேட்டியின் ஓரத்தைப் பல்லில் கடித்து நீளமாகக் கிழித்தாள் மகா. கத்தரிக்கோல் தேட நேரமில்லை. விரல்கள் விறைப்பதற்குள் கட்டிவிட வேண்டும் என்று மாமா தலைக்குமேல் நின்று அவசரப்படுத்தினார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் வயிற்றின்மேல் சேர்த்து ஒரு கட்டு. தாடையிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு கட்டு. காலை ஏழு மணிக்குக் கையில் காபி டம்ளரோடு செத்துப்போன தனக்கோடியை எட்டரைக்குள் மூன்று இடத்தில் கட்டியாகிவிட்டது. உயிரோடு இருந்த அறுபத்தோரு வருடத்தில் அவரை யாரும் ஓர் இடத்தில்கூடக் கட்டிப்போட்டதில்லை.

"தாடைய இன்னும் இறுக்கு. வாயத் தொறந்துக்குனு போனா பாக்கறவன் இன்னா நெனைப்பான், ஏதோ சொல்ல வந்தாருன்னு நெனைப்பான்," என்றார் முனிகிருஷ்ணன்.

முனிகிருஷ்ணன் மகாவின் தாய்மாமன். பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலேயே மூன்று சந்து தள்ளிப் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். சாவு வீட்டுக்கு முதலில் வருவது ஈ, இரண்டாவதாக வருவது அவர். வந்த அரைமணி நேரத்தில் ஐஸ் பெட்டிக்காரனை வாசலோடு திருப்பியனுப்பினார். "மத்தியானமே எடுக்கறோம்பா. ஐஸ் வெச்சு விக்கறதுக்கு இது இன்னா வஞ்சிரமா?" மோளக்காரர்கள் நால்வரை இருவராக்கினார். சுடுகாட்டில் நேரம் பதிவு செய்ய யாருடைய போன் நம்பரைக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, தன் நம்பரைக் கொடுத்தால் நாளை மறுநாளிலிருந்து எவனெவனோ கூப்பிடுவான் என்று யோசித்து, செத்தவரின் போனை எடுத்து அவர் நம்பரையே கொடுத்தார். தன் சாவுக்குத் தானே இடம்பிடித்த மனிதர் இந்தச் சந்தில் தனக்கோடி ஒருவர்தான்.

"இத நீ வெச்சிரு கண்ணு. டோக்கன் நம்பர் இதுலதான் வரும். தூக்கறப்போ என்னாண்ட குடு," என்று போனை மகாவிடம் கொடுத்தார்.

அம்மா மரகதம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அழவில்லை. கீழே விழுந்து உருண்ட டம்ளரைக் கழுவி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் தம்பி தருண் தூறலில் நனைந்துகொண்டே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டான். சாப்பாடு டெலிவரி கம்பெனியின் சிவப்புச் சட்டையை அவன் இன்னும் கழற்றவில்லை. செய்தி போனபோது யாருக்கோ இட்லி கொண்டு போய்க்கொண்டிருந்தான். கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது அப்பாவின் டேப். சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஒரு சுருள், அதன் நுனியில் விரல் தடிமனுக்கு ஓர் இரும்புத் துண்டு. அது தண்ணீரைத் தொட்டால் சுருள் கீச்சென்று கத்தும். மூன்று வாரத்துக்கு முன் வேலை பார்த்த ஊரிலிருந்து திரும்பியபோது ஒரு பையும் இந்த டேப்பும்தான் கொண்டு வந்தார். கம்பெனிச் சொத்து அது, ஏன் எடுத்து வந்தாய் என்று மகா கேட்டதற்கு, "அங்க வெச்சா எவனாவது எடுத்து எதையாவது எழுதுவான்," என்றார்.

தனக்கோடியின் வேலையைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற வேலை. வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம். தோண்டி எடுத்த கரியைக் கழுவி, கழுவிய கறுப்புச் சேற்றை ஒரு பள்ளத்தாக்கில் தேக்கிவைத்திருந்தார்கள். தேக்கியதைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு மண்கரை. கரைக்குள் தண்ணீர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கரையின் முதுகில் ஐந்து குழாய்களை இறக்கியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் குழாய்க்குள் டேப்பை விட்டு, அது கத்தியதும் நிறுத்தி, குழாயின் வாயிலிருந்து எத்தனை மீட்டரில் தண்ணீர் இருக்கிறதென்று நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் ஆறு மீட்டருக்கும் ஆழத்தில் இருந்தால் கரை பத்திரம். அளவு ஆறுக்கும் குறைந்து, தண்ணீர் மேலே ஏறிவிட்டால் சேறு கொட்டுவதை அன்றைக்கே நிறுத்த வேண்டும், சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும், கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். விதிகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. நல்ல தாளில், அழகாகவே எழுதியிருக்கிறது.

அந்தக் கரைக்கு வரைபடம் போட்டதும், மாதாமாதம் அளவுகளை அறிக்கையாக அனுப்புவதும் பெங்களூரில் ஒரு கம்பெனி. அங்கே அப்பா குழாயைப் பார்த்துப் போனில் எண்ணைச் சொல்வார். இங்கே ஆபீசில் மகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மகாதான்.

போன வருடம் கரையை இரண்டு மீட்டர் உயர்த்தினார்கள். சேறு நிறைந்துவிட்டது, வேறு இடம் தேடுவதைவிட இருக்கிற கரையை உயர்த்துவது சுலபம். கரை உயர்ந்ததால் குழாய்கள் மண்ணுக்குள் போயின. ஒவ்வொரு குழாய்க்கும் மேலே இரண்டு மீட்டர் ஒட்டுப் போட்டார்கள். வாய் இரண்டு மீட்டர் மேலே போனது. ஐந்து என்று காட்ட வேண்டிய டேப் ஏழு என்று காட்டியது. மகா ஏழு என்றே ஏற்றினாள். அவளுக்கு ஒட்டு விஷயம் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து அப்பாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "ரெண்டு மீட்டர் கழிச்சுக்கினுதானே எழுதற? குழாய் வளந்துகீது கண்ணு, தண்ணி அதே எடத்துலதான் கீது. மூணாம் நம்பரு ரொம்ப மேல ஏறிகீது பாத்துக்கோ."

மறுநாள் மேனேஜர் பாலசுப்ரமணியனிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கழிச்சா, நாம அனுப்பின ஏழு மாச ரிப்போர்ட்டும் தப்புன்னு ஆயிடும் மகா. அதுல என் பேரு மட்டும் இல்ல. தயாரித்தவர்னு உங்க பேரும் இருக்கு." மழைக்கு முன்னால் சரிசெய்துகொள்ளலாம் என்றார். ஏழு மாதம் ஆன தப்புக்கும் குழந்தைக்கும் ஒன்றுதான். பல் முளைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு எடுத்துக் கொஞ்சுகிறவர்களைக் கடிக்கும்.

மழைக்கு முன்னால் வந்தது ஒரு படிவம். மழைக்காலத்திலும் சேறு கொட்ட அனுமதி வேண்டுமென்றால் அதை அனுப்ப வேண்டும். குழாய்களின் வாய் உயரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று அளந்தவரே உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். தனக்கோடி போடமாட்டேன் என்றார். அன்றைக்கே அவர் உடம்பு சரியில்லாதவராக ஆக்கப்பட்டு, டிக்கெட் எடுத்துக் கொடுக்கப்பட்டு, ரயிலேற்றப்பட்டார். வந்த பிறகு நிஜமாகவே கால் வீங்கியது. படிவம் மகாவின் கைப்பையில் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது.

நேற்றுச் சாயங்காலம்கூட அதை அவர் முன்னால் நீட்டினாள். "நீ போடற ஒரு கையெழுத்தால யாருக்கும் ஒண்ணும் ஆவப்போறதில்ல நைனா. போடலனா எனக்கு வேல போவும். அவ்ளோதான்." அவர் டேப்பின் இரும்புத் துண்டை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

இடுப்பில் செருகியிருந்த அப்பாவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. திரையில் 'ரொட்டி அக்கா' என்றிருந்தது.

கரைக்குக் கீழே முப்பது நாற்பது குடிசைகள். அதில் ஒருத்தி அப்பாவுக்கு மூன்று வருடம் ரொட்டி சுட்டுப் போட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு இந்தியில் ஐந்து வார்த்தை தெரியும், அதில் மூன்று ரொட்டியைப் பற்றியவை. அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். சாயங்காலம் குழாய் பார்த்து முடித்ததும் அவர் அவளுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங் என்றால் தூங்கலாம். இரண்டு தடவை வந்தால் பிள்ளைகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அரசாங்கம் வைக்கச் சொன்ன சைரன் எங்கேயோ டெண்டரில் இருந்தது. அதுவரைக்கும் இது. ஒரு மழையில் அவர் இரண்டு கொடுத்து, அத்தனை பேரும் மேட்டில் உட்கார்ந்து நனைந்து, ஒன்றும் ஆகாமல் விடிந்தது. மறுநாள் அவள் கோபத்தில் ரொட்டியைக் கருக்கிக் கொடுத்தாள் என்று சொல்லிச் சிரிப்பார்.

பெங்களூருக்கு வந்த பிறகு அவர் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. சாயங்காலமானால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ரிங் கொடுத்துவிட்டுப் போய்ப் படேன், பாவம் காத்திருப்பாள் என்று மகா ஒருநாள் சொன்னாள். "பாக்காம எப்டிக் குடுக்கறது? பாக்காம குடுத்தா அது பொய்யி," என்றார்.

போனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சந்துக்குள் ஒரு வெள்ளைக் கார் நுழைந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் உரசாமல் வந்து நின்றதே பெரிய காரியம். பாலசுப்ரமணியன் இறங்கினார். கையில் பெரிய மலர்வளையம், தோளில் லேப்டாப் பை. வளையத்தைக் கால்மாட்டில் வைத்தார், கண்ணை மூடிப் பத்து எண்ணுகிற நேரம் நின்றார், மரகதத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மகாவைச் சமையல் மேடைப் பக்கம் கூப்பிட்டார்.

"ரொம்ப ஸாரி மகா. இந்த நேரத்துல இதப் பேசக்கூடாது."

பேசக்கூடாது என்று ஆரம்பிக்கிறவர்கள் பேசாமல் போனதில்லை.

"இன்னைக்கு அஞ்சு மணியோட போர்டல் க்ளோஸ். அந்த ஃபார்ம் போகலைன்னா நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருவாங்க. வந்தா முதல்ல குழாய் வாயோட உயரத்தத்தான் அளப்பாங்க. அப்பறம் நீங்க, நான், யாரும் இல்ல."

"நைனாதான் போய்ட்டாரே சார்."

"காலைலதானே?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து தேதி போட்டுக்கலாம். நேத்து அவருக்குக் கை நடுக்கமா இருந்தது, கையெழுத்துக்குப் பதிலா ரேகை வெச்சாரு. யாரு கேக்கப்போறாங்க?" பையைத் திறந்தார். படிவத்தின் இன்னொரு பிரதி இருந்தது. பக்கத்தில் புதிய மைப்பெட்டி, மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதம் இன்னும் பிரிக்கப்படவில்லை. வழியில் நிறுத்தி, இறங்கி, வாங்கியிருக்கிறார். மலர்வளையத்துக்கு முன்பா பின்பா என்று மகா யோசித்தாள்.

"இன்னா சார் விஷயம்?"

முனிகிருஷ்ணன் வந்து நின்றார். சரக்கு கைமாறுகிற இடம் அவருக்கு மூக்கில் தெரியும். பாலசுப்ரமணியன் சுருக்கமாகச் சொன்னார். ஆபீஸ் காகிதம், சம்பிரதாயம், அவருடைய ரேகை ஒன்று வேண்டும். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முனிகிருஷ்ணன் கேட்கவில்லை. எத்தனை மணிக்குள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"சாயங்காலம் அஞ்சு."

"நாங்க எடுக்கறது ரெண்டு மணிக்கு சார். அப்பால சாம்பல்ல ரேக எடுக்க முடியாது."

"தெரியும் அண்ணா. அதான் வந்தேன்."

"எங்க பையன் தருண். டிகிரி. வாசல்ல சேர் போட்டுக்கினு கீறான், பாத்திருப்பீங்க. ஊர் சோத்தையெல்லாம் முதுவுல தூக்கிக்கினு மழையில சுத்தறான்."

"பாக்கலாம் அண்ணா. தற்காலிகமா ஏதாவது..."

"டெம்பரவரினா நாங்களும் டெம்பரவரியாத்தான் வெரல வைப்போம். பென்சில் மையில." முனிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "பர்மனென்ட் மை கொண்டாந்துகீறீங்க, பர்மனென்ட் வேல சொல்லுங்க. செத்தவன் கை சார் அது. ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் கீது. நாளைக்குக் கட தொறக்காது."

"மாமா, சும்மா இரு. அது இன்னா பேப்பர்னு உனக்குத் தெரியாது," என்றாள் மகா.

"எனக்கு எதுக்குத் தெரியணும்? படிச்சவ, உனக்குத் தெரியுமில்ல? கெட்ட பேப்பரா? கெட்ட பேப்பர்னா சொல்லு, அவர இப்பவே வண்டி ஏத்தி அனுப்பிடறேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். சொல்வதற்கு மூன்று வார்த்தை போதும். அடுப்பின்மேல் அப்பாவுக்காக வைத்த வெந்நீர் இன்னும் ஆறாமல் இருந்தது. அவள் அதன் மூடியைச் சரியாக வைத்தாள்.

"சும்மா ஆபீஸ் பேப்பர்தான்," என்றாள்.

வேலை உறுதி என்று பாலசுப்ரமணியன் தன் போனிலிருந்து தருணின் போனுக்குச் செய்தி அனுப்பும்வரை முனிகிருஷ்ணன் நகரவில்லை. அனுப்பியதும் அதை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கூடத்துக்குப் போய், "துணி மாத்தணும், எல்லாம் செத்த வெளிய இருங்க," என்று பெண்களை எழுப்பிவிட்டார். எல்லோரும் போனார்கள். மரகதம் மட்டும் எழவில்லை. அவளை எழுப்ப அவருக்கும் தைரியமில்லை.

"நீ பண்ணு கண்ணு. பெத்த பொண்ணு தொட்டா தப்பில்ல," என்று மைப்பெட்டியை மகாவின் கையில் கொடுத்தார்.

வயிற்றின்மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அவளே போட்ட முடிச்சு, அவளுக்கே அவிழவில்லை. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. இடது கட்டைவிரலைப் பிரித்து மையில் அழுத்தினாள். விரல் மடங்கவில்லை. கை முழுவதும் சேர்ந்து வந்தது, நெம்புகோல் மாதிரி. பாலசுப்ரமணியன் அட்டையோடு படிவத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதல் பிரதியில் ரேகை இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய கறையாக விழுந்தது.

"இன்னொரு பிரின்ட் அவுட் இருக்கு," என்றார். கொண்டு வந்திருந்தார்.

இரண்டாவது தடவை அவள் தன் கட்டைவிரலை அப்பாவின் நகத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

"வலிக்கப்போவுதுடி. மெல்ல," என்றாள் மரகதம்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரேகை சுத்தமாக விழுந்திருந்தது, ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது. பாலசுப்ரமணியன் அதை ஊதிக் காயவைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, "வர்றேம்மா," என்று மரகதத்திடம் சொன்னார். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பண்பானவர்.

அவர் காரில் ஏறி உட்கார்ந்தபோது, பின்னாலிருந்து அமரர் ஊர்தி சந்துக்குள் வந்து வாயை அடைத்துக்கொண்டது. ஹாரன் அடித்தார். ஊர்தி டிரைவர் தலையை நீட்டி, "ரிவர்ஸ் ஆகல்லா சார். ஹிந்தே ஆட்டோ நிந்திதே. பாடி எத்தோவரெகூ வெயிட் மாடி," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தான். ஊர்திக்குப் பின்னால் ஆட்டோ நின்றது, பிணம் ஏறும்வரை கார் நகர வழியில்லை.

குளிப்பாட்டும்போது முனிகிருஷ்ணனின் மனைவி சுனிதா மஞ்சளைக் கரைத்துக் கையெல்லாம் தேய்த்தாள். "இன்னாடி இது வெரல்ல நீலமா? எலக்‌ஷன் எப்பவோ முடிஞ்சிபோச்சே, அண்ணன் எங்க போய் ஓட்டுப் போட்டாரு?" என்றாள். இரண்டு பேர் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்து விரல் பச்சையாக மாறியதே தவிர மை போகவில்லை. மகா தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவளுக்கும் அதே விரலில் அதே நிறம்.

வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். அது என்ன வேலை என்று அப்போதுதான் முனிகிருஷ்ணன் அறிவித்தார். செத்தவர் காதிலும் விழட்டும் என்பதுபோலத் தலைமாட்டில் நின்று சொன்னார்.

"மச்சான், நிம்மதியாப் போ. உன் புள்ளைக்கு வேல வாங்கிட்டேன். உன் வேலையே! நீ பாத்த அதே கொழா, அதே டேப்பு. தங்கறதுக்கு நீ இருந்த ரூமே குடுக்கறாங்க. மழக்காலம், அங்க அளக்க ஆளில்லையாம். மூணாம் நாள் பால் தெளிச்சதும் ரயிலேறிடணும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நல்லதாப்போச்சு, அப்பன் எடம் புள்ளைக்கு என்றார்கள். தருண் நனைந்த தலையோடு அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு வருடமிருக்கும். அப்பா செத்த அன்றைக்கு அதை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் குனிந்துகொண்டான். பிறகு உள்ளே போய், ஆணியிலிருந்து டேப்பைக் கழற்றித் தோளில் மாட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது எப்ப கத்தும்?"

மகாவின் கையில் அரிசி இருந்தது. அப்பா இருந்த ரூம் கரையின் காலடியில் இருந்தது. ரொட்டி அக்காவின் குடிசைக்கு நான்கு வீடு தள்ளி. ஜன்னலைத் திறந்தால் கரைதான் தெரியும், வானம் தெரியாது என்று அப்பா சொல்வார். கரை பத்திரம் என்று பொய் சொல்லித் தருணைத் தூங்கவைக்கப்போகிற காகிதம் கூப்பிடு தூரத்தில் காருக்குள் இருந்தது. அரிசியை அப்பாவின் உதட்டில் வைத்தாள். நான்கைந்து அரிசியில் நீலம் ஒட்டியிருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

காரின் கண்ணாடியைத் தட்டினாள். இறங்கியது. உள்ளே ஏசி ஓடியது. பிளாஸ்டிக் உறை பக்கத்து சீட்டில் கிடந்தது. கையை விட்டால் எட்டிவிடும்.

"சொல்லுங்க மகா."

"சார். தருணுக்கு ரூம் எங்க?"

"அப்பா இருந்ததுதான். ஏன்?"

"மேல கெஸ்ட் ஹவுஸ்ல குடுங்க சார்."

"அது ஆபீசர்ஸுக்கு மகா. ரீடிங் எடுக்கறவங்களுக்கு எப்படி..."

"மலை மேல குடுங்க சார்."

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. பாலசுப்ரமணியன் ஏன் என்று மறுபடியும் கேட்கவில்லை. அவள் விரலைப் பார்த்தார், பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தார். பேரத்தில் இப்படி ஓர் இடம் வரும். சரக்கு அழுகல் என்று வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் முகர்ந்து பார்க்காமல் மூட்டையைக் கட்டுவார்கள்.

"சரி. பேசறேன்."

"இப்பவே பேசிடுங்க சார்."

அவர் போனை எடுத்து யாரிடமோ இந்தியில் பேசினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சொல்லிட்டேன். மேல, மூணாம் நம்பர் ரூம். சாப்பாடும் மேலயே. சாயங்காலம் கீழ வந்து அளந்துட்டு உடனே மேல போயிடலாம். போதுமா?"

"போதும் சார்."

"வேற ஏதாவது?"

மழை அவள் தலையில் விழுந்து கழுத்துக்குள் இறங்கியது. உறைக்குள்ளிருந்த ரேகை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"இல்ல சார்."

கண்ணாடி ஏறியது.

வாசலில் பாடையைத் தூக்கத் தயாராகிவிட்டார்கள். மோளம் இரண்டு பேரோடு நான்கு பேர் சத்தத்தைக் கொடுக்க முயன்றது. மரகதம் இப்போதுதான் அழ ஆரம்பித்தாள். டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். தருண் தீச்சட்டியோடு முன்னால் நின்றான்.

இடுப்பில் போன் அதிர்ந்து நின்றது. மறுபடியும் ரொட்டி அக்கா. மிஸ்டு கால்தான். அவளிடமும் வார்த்தையில்லை. அங்கே மழை பிடித்திருக்க வேண்டும். மூன்று வாரமாக யாரும் பதில் சொல்லாத கேள்வியை அவள் மறுபடியும் கேட்டாள்.

மகா சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஒரு ரிங் போனது. நிறுத்தினாள்.

இரண்டாவது தடவைக்காக மறுபடியும் அழுத்த விரலைத் திரையில் வைத்தாள்.

"கண்ணு, போன்," என்று முனிகிருஷ்ணன் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "எடுக்கறோம். டோக்கன் வந்துச்சா? ஜல்தி குடு, இன்னா பாத்துக்கினு நிக்கற?"

அவள் அவர் கையைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் தருண், அவன் தோளில் இன்னும் டேப். கழற்றிவைக்க மறந்துவிட்டான். அதற்கும் பின்னால் கார், இன்ஜினைப் போட்டு, விளக்கைப் போட்டு, தயாராக நின்றது.

கொடுத்தாள்.

பிணம் ஊர்தியில் ஏறியது. ஊர்தி மெல்லப் பின்வாங்கிச் சந்தைத் திறந்துவிட்டது. கார் இரண்டு பக்கச் சுவரிலும் உரசாமல் வெளியேறியது. முனிகிருஷ்ணன் போனில் டோக்கன் நம்பரைத் தேடினார். திரையை நீலமாக ஒரு ரேகை மறைத்தது. துண்டின் நுனியை எச்சில் தொட்டு அதை அழுத்தித் துடைத்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.